டாலிகஞ்சின் தாய்லாந்து கண்டக்டர்

ஊர் சுற்ற வழி சொல்லும் தொழிலில் ஒரு சாபம் உண்டு: எல்லாரையும் எல்லா ஊருக்கும் அனுப்பிவைப்போம், நாம் மட்டும் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து உலக உருண்டையைச் சுற்றிவிட்டுக்கொண்டிருப்போம்.

எங்கள் ஆபீஸ் கல்கத்தாவில், டாலிகஞ்ச் மெட்ரோவிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா என்று வரிசையாக நாலு நாடு. முதுகில் ஒரு பை, வாயில் வங்காளம் மட்டும். இப்படிக் கிளம்புகிறவர்களைத் தயார் செய்து அனுப்புவதுதான் எங்கள் வேலை. அதில் என் பங்கு, வெளிநாட்டுக்காரர்களாக நடிப்பது. கேலி இல்லை, நிஜமாகவே அதுதான் உத்தியோகம். பாஷை தெரியாத ஊரில் பஸ் ஸ்டாண்டில் நின்று, "எக்ஸ்கியூஸ் மீ" என்று யாரைப் பார்த்துச் சொல்வது என்று புரியாமல் விளக்குக் கம்பத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்த சக பாவிகளே, இது உங்களுக்காகத்தான். வங்காளத்தில் நடந்த பேச்சையெல்லாம் நானே தமிழாக்கித் தருகிறேன், குரலை மட்டும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

போனை எடுத்தேன், மாட்டிக்கொண்டேன்

நான் அங்கே போனது வேலை கேட்டு அல்ல. கல்லூரி முதல் வருடம். நானும் என் தோழி ஸ்ரேயாவும் குளிர்கால விடுமுறையில் அந்த நாலு நாட்டையும் பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்து, விசாரிக்கப் போனோம். முதலாளி சுபிர்தா (வங்காளத்தில் தா, தாதா என்றால் அண்ணன்) ஒரு காதில் ஒரு போன், மறு காதில் இன்னொரு போன் என்று தவித்துக்கொண்டிருந்தார். மேஜையில் மூன்றாவது போன் அடித்தது. எனக்குக் கை சும்மா இருக்காது, வாய் அதைவிட. எடுத்து, சுபிர்தாவின் கரகரத்த குரலிலேயே, "ஹாங் ஹாங், போலுன் போலுன்" என்றேன், சொல்லுங்க சொல்லுங்க என்பதை வங்காளத்தில். யாரோ ஒருவர் விசா வரவில்லை என்று அழுதார். "வரும் தாதா, வராமல் எங்கே போகும்?" என்று அதே குரலில் சமாதானம் சொல்லி வைத்தேன்.

சுபிர்தா இரண்டு போனையும் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று ஸ்ரேயா வாசலுக்கு நகர்ந்துவிட்டாள். அவரோ, "வேற என்ன குரல் வரும்?" என்றார். குழந்தையோடு ஒரு பெண் இறங்கும்போது மினி பஸ் கண்டக்டர் டிரைவருக்குக் கத்தும் "ஆஸ்தே லேடீஸ், கோலே பாச்சா!" ஒன்று கொடுத்தேன். மெதுவா, லேடீஸ், இடுப்புல குழந்தை என்று அர்த்தம். மெட்ரோ அறிவிப்பு கொடுத்தேன். அவர் தலைக்கு மேல் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த மின்விசிறியைக்கூடக் கொடுத்தேன். வீட்டில் நித்யாவாக இருந்த எனக்கு அன்றே "டியா" என்று பெயர் விழுந்தது. வங்காளத்தில் கிளி. சுபிர்தா கடைசியாகச் சொன்னார்: "நாளையிலிருந்து வேலைக்கு வா. எந்தப் போனை வேணும்னாலும் எடு, என் பொண்டாட்டி போன் பண்ணா மட்டும் எடுக்காதே."

தாய்லாந்தில் பேசப்படும் தமிழ்

சுபிர்தாவுக்கு ஒரு தத்துவம் உண்டு. பாஷை தெரியாததால் யாரும் கெட்டுப்போவதில்லை, முதல் தடவை முழிக்கும்போது பயந்துதான் கெட்டுப்போகிறார்கள். ஆகவே அந்த முதல் முழியை டாலிகஞ்சிலேயே முழித்துவிட்டுப் போகட்டும். வரிசையாக நாற்காலி போட்டால் பஸ். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றால் எல்லைச் சோதனை. கண்டக்டர், அதிகாரி, சமையல்காரி எல்லாம் நான்.

ஆரம்பத்தில் வீடியோக்களில் கேட்ட ஓசைகளை வைத்து ஏதோ இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கோபா மாஷி எழுந்து நின்றுவிட்டார். மாஷி என்றால் சித்தி. ரிடையரான பள்ளி ஆசிரியை, தனியாக நாலு நாடு போகப்போகிறவர். "இது அவங்க பாஷை இல்ல, அவங்களைப் பண்ற கேலி. அதுவும் போகட்டும், நான் கையைக் காட்டிக் கேக்கறது சரியா தப்பான்னு உனக்கே தெரியலையே? நிஜமான பாஷை ஒண்ணு பேசு, நான் நிஜமா முழிக்கறேன்." சுபிர்தா யோசித்தார். "வீட்ல நீ பேசற பாஷை இங்க எந்த வங்காளிக்குப் புரியும்? அதையே பேசிடு."

அன்றிலிருந்து எங்கள் ஆபீசில் தாய்லாந்து பாஷை தமிழ். பெஹாலாவில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு ஐ.டி. பையன்கள் குடியிருக்கிறார்கள். ஒருவன் மதுரை, ஒருவன் கோவை. மதுரையைத் தாய்லாந்துக்குக் கொடுத்தேன், கோவையை வியட்நாமுக்கு. கோபா மாஷி நாற்காலி பஸ்ஸில் ஏறியதும் மதுரைத் தாய்லாந்துக்காரர் ஆரம்பித்தார்: "ஏத்தா, எங்கிட்டுப் போகணும்? சில்லறை வச்சிருக்கியா? வாசல்ல நிக்காத, உள்ள போ, உள்ள போ, அங்கிட்டு எம்புட்டு இடம் கெடக்கு!" மாஷி ஒரு நொடிகூடத் தயங்காமல் பின் வரிசைக்கு நகர்ந்தார். எப்படிப் புரிந்தது என்று கேட்டதற்குச் சொன்னார்: "உள்ள போகச் சொல்றான். உலகத்துல எந்தக் கண்டக்டர் வேற ஏதாவது சொல்லியிருக்கான்?"

அப்பாவின் நிபந்தனை

ஊரையெல்லாம் இப்படித் தயார் செய்துகொண்டிருந்த எனக்கு என் வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. ஸ்ரேயா வீட்டில் சரி சொல்லியாகிவிட்டது. பாக்கி என் அப்பா. அலிப்பூரில் அரசாங்க உத்தியோகம். கொள்ளுத்தாத்தா காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்த குடும்பம். அப்பா பேசும் வங்காளத்தைக் கேட்டு, வங்காளிகளே "உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஜில்லா?" என்று விசாரிப்பார்கள்.

"ஆத்துல தமிழ், தெருவுல பெங்காலி, ஆட்டோவுல ஹிந்தி, காலேஜ்ல இங்கிலீஷ்," என்றார் அப்பா. "பாஷை புரியாத எடத்துல நீ நின்னதே கிடையாது. வாயை எடுத்துட்டா நீ என்ன பண்ணுவேன்னு உனக்கே தெரியாது. ஒரு சனிக்கிழமை ஷியாம்பஜாருக்குப் போவோம். அங்க உன்னை யாருக்கும் தெரியாது. தமிழ் மட்டும்தான் பேசணும், போனைத் தொடப்படாது. வயத்துவலிக்கு மருந்து வாங்கு, ராத்தங்க ஒரு எடம் பிடிச்சுக் காட்டு. நான் பத்தடி பின்னால யாரோ மாதிரி வரேன். வேற பாஷையில ஒரு வார்த்தை வந்துடுத்துன்னா உன் முதுகுப்பை பரணுக்குப் போயிடும். ஜெயிச்சா, போயிட்டு வா."

இங்கே எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் யாரை வேண்டுமானாலும் பண்ணிக் காட்டலாம், அப்பாவை மட்டும் கூடாது. ஒரு முறை விருந்தாளிகள் முன்னால் கூடத்திலிருந்து சமையலறை வரை அப்பாவாக நடந்துவிட்டேன். கக்கத்தில் குடை. நாலு எட்டுக்கு ஒரு தடவை சட்டைப் பை இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது. மூக்குக்கண்ணாடியை விரலால் அல்ல, மணிக்கட்டால் மேலே தள்ளுவது. பிறகு, ஆபீசுக்குத் தாமதமாக வந்த குமாஸ்தாவைப் பார்ப்பது போல வானத்தை ஒரு பார்வை. விருந்தாளிகள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அன்றே தடையுத்தரவு. ஷியாம்பஜார் நிபந்தனையைக் கேட்டுக்கொண்டே காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாள்: "மருந்தும் வேண்டாம், எடமும் வேண்டாம். அரை நாள் இவ யார் குரலையும் பிடிக்காம வந்தாளானா, நானே டிக்கெட் எடுத்துத் தரேன்."

பிமல் காக்கு அறை கேட்டார்

எனக்கென்று ஒரு பரீட்சை வந்த பிறகு, வாடிக்கையாளர்களை இன்னும் கூர்மையாகக் கவனிக்க ஆரம்பித்தேன். பாஷை புரியாதபோது நாம் எல்லாரும் செய்யும் ஒரு தப்பு இருக்கிறது. நீங்களும் செய்திருப்பீர்கள். அதை மிகச் சிறப்பாகச் செய்தவர் பிமல் காக்கு, அதாவது பிமல் சித்தப்பா. மனைவியோடு லாவோஸ் போகிறார். நான் விடுதிக்காரி. "அறை எல்லாம் நிரம்பிப் போச்சு சாமி, நீங்க யாரு?" என்று தமிழில் கேட்டேன். அவர், அறை பதிவு செய்திருப்பதாக வங்காளத்தில் சொன்னார். நான் முழித்தேன். அதையே மெதுவாகச் சொன்னார். முழித்தேன். அதையே சத்தமாகச் சொன்னார். பிறகு இன்னும் சத்தமாக. கீழே தையல் கடைக்காரர் கழுத்தில் டேப்போடு மாடிப்படியில் ஏறி வந்து, யாருக்கும் யாருக்கும் சண்டை என்று எட்டிப் பார்த்தார்.

அப்போது ரீனா காக்கிமா கணவரை ஒரு கையால் ஓரம் தள்ளினார். இரண்டு விரலைக் காட்டினார். அவரை ஒரு தடவை, தன்னை ஒரு தடவை தொட்டுக் காட்டினார். கன்னத்தில் கை வைத்துக் கண்ணை மூடினார். பிறகு சுவரில் ஆணியில் தொங்கிய சாவியை நோக்கிக் கை நீட்டிப் புன்னகைத்தார். நான் என்னை மறந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அது ஆபீஸ் கழிவறைச் சாவி, அது வேறு விஷயம். காக்கு, "நானும் அதைத்தானே சொன்னேன்?" என்றார். காக்கிமா என் பக்கம் திரும்பி, "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்கிட்டயும் இப்படித்தான் கத்திக் கத்திப் பேசறார். நான் எந்த நாட்டுக்காரின்னு நினைச்சுக்கிட்டிருக்காரோ!" என்றார்.

இல்லாத மீன்

சாப்பாட்டுப் பாடம். நான் வியட்நாம் தெருவோரக் கடைக்காரி. "வாங்கம்மணி, என்னங் வேணும்? கோளி இருக்குதுங், மீனு இருக்குதுங்!" கோபா மாஷி வலது கையை மீனாக்கி வாலை ஆட்டினார். தட்டில் மீனுக்குப் பதிலாக சுபிர்தாவின் ஸ்டேப்ளரை வைத்து நீட்டினேன். பெரும்பாலோர் இந்த இடத்தில் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். மாஷி சிரிக்கவில்லை. ஸ்டேப்ளரை வாயைப் பிளந்து உள்ளே பார்த்தார். முதுகை ஒரு விரலால் அழுத்தினார். மோந்தார். முகத்தைச் சுளித்துத் தட்டை என் பக்கமே தள்ளினார். நான் கோவைத் தமிழில் எவ்வளவோ சத்தியம் செய்தும் மசியவில்லை. பாடம் முடிந்ததும் சொன்னார்: "எந்த நாடா இருந்தா என்ன, செவுளைத் திறந்து பார்க்காம மீன் வாங்கறவ வங்காளியே இல்ல."

குட்டு உடைந்த நாள்

இந்த முறையில் ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை வழியாக ஒரு நாள் ஜெபின் உள்ளே வந்தான். ஐ.டி. வேலை, நாகர்கோவில்காரன், கல்கத்தாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சுபிர்தாவோடு இங்கிலீஷிலேயே பேசி முடித்ததால் எனக்கு விஷயம் தெரியாது. நாற்காலி பஸ்ஸில் அவன் ஏறியதும், "ஏப்பா, எங்கிட்டுப் போகணும்? சில்லறை வச்சிருக்கியா?" என்று தாய்லாந்தை ஆரம்பித்தேன். அவன் கண் அகல என்னைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, நீ மதுரையா? இல்ல, மதுரைக்காரன் எவனையாவது முழுங்கிட்டியா?" என்றான். தாய்லாந்து அந்த இடத்திலேயே சரிந்தது.

சரி, இவனுக்கு வங்காளம்தான் அந்நிய பாஷை என்று மாற்றிக்கொண்டேன். எத்தனை வேகமாகப் பேசியும் அவன் அசரவில்லை. விரலை நீட்டினான், சிரித்தான், பொறுமையாக நின்றான், காரியத்தை முடித்துக்கொண்டான். அவன் குடியிருப்பதும் பெஹாலாவில்தானாம், வீட்டுக்கார அம்மாவுக்கு வங்காளம் தவிர வேறு எதுவும் தெரியாதாம். "ஒண்ணே ஒண்ணுதான் தங்கச்சி, புரியலைன்னா தலையாட்டப்பிடாது. பூஜை சமயத்துல தெருக்காரங்க வந்து என்னவோ கேட்டாங்க. மரியாதைக்குத் தலைய ஆட்டிட்டேன். மறுநாள் வந்து கூட்டிட்டுப் போயி, கையில வாளியக் குடுத்துட்டாங்க. பந்தலுக்கு வந்த ஊரு பூராவுக்கும் நான்தான் கிச்சடி வெளம்புனேன்." பிறகு சுபிர்தாவின் சுவரில் இருந்த வியட்நாம் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்: "யோசிச்சுப் பாத்தா, எனக்கு எதுக்கு வியட்நாமு? நான் பெஹாலாவுல தெனமும் அதத்தான செய்யேன்!"

ஷியாம்பஜாரில் வயிற்றுவலி

சனிக்கிழமை வந்தது. டாலிகஞ்ச் வரும் பஸ்ஸிலேயே சோதனை ஆரம்பம். ஒரு பெண் குழந்தையோடு இறங்கினாள், கண்டக்டர் "ஆஸ்தே லேடீஸ்" என்று இழுத்தார், என் தொண்டை தானாகத் தயாரானது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். எதிர் சீட்டில் அப்பா வெயிலில்லாத நாளிலும் குடையோடு உட்கார்ந்து, என்னைப் பிறந்ததிலிருந்தே பார்த்ததில்லை என்பது போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷியாம்பஜார் மெட்ரோவிலிருந்து வெளியே வந்து, முதலில் கண்ணில் பட்ட மருந்துக் கடையில் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் வயிற்றில் கை வைத்து, "அண்ணா, வயிறு வலிக்கறது" என்றேன். கடைக்காரர் "கீ?" (என்ன?) என்பதற்குள் வரிசை முழுக்க டாக்டராகிவிட்டது. ஒருவர் புளிப்பு ஏறிவிட்டது என்றார். கீரைக்கட்டு எட்டிப் பார்க்கும் பையோடு நின்ற ஒரு மாஷி, காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள், முகத்தைப் பாருங்கள் என்றார். இன்னொருவர் ராத்திரி வெளியே எண்ணெய்ப் பண்டம் என்று அடித்துச் சொன்னார். மூன்று கட்சியும் உரக்க வாதாடின. நோயாளியை யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் கடைக்காரர் கையைத் தூக்கிக் கூட்டத்தை அடக்கினார். தன் வயிற்றிலிருந்து நெஞ்சு வரை ஒரு கையை உருட்டிக்கொண்டே ஏற்றி, தொண்டையில் நிறுத்தி, கண்ணால் "இதுவா?" என்று கேட்டார். ஜெபின் சொன்னது நினைவிருந்தது. ஆனால் இது நன்றாகவே புரிந்தது, அதனால் தலையை ஆட்டினேன். கடை முழுக்க ஒரு நிம்மதிப் பெருமூச்சு. மாத்திரையைக் கையில் வைத்துக் கடைக்காரர் சொன்னார்: "பாஷைதான் வேற, வாயு நம்ம வாயுதான்!"

பத்தடி பின்னால் வந்தவர்

பாதி ஜெயித்தாகிவிட்டது. அடுத்து, தங்க இடம். பக்கத்து டீக்கடை பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்து உலகத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ரீனா காக்கிமாவை மனதில் நினைத்துக்கொண்டு, அவர்கள் முன்னால் போய்க் கன்னத்தில் கை வைத்துக் கண்ணை மூடினேன். அவர்கள் என்னை மயக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் கீரைப் பை மாஷியும் வந்து சேர்ந்து, "ஐயோ, இது வயித்துவலிக்காரப் பொண்ணு!" என்றார். என்னைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். தண்ணீர் வந்தது. விசிற ஒன்றும் கிடைக்காமல் ஒருவர் நாலாபுறமும் பார்த்தார். விளக்குக் கம்பத்தருகே ஒருவர் முகம் மறைய பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விசிறி தேடியவர் அந்தப் பேப்பரைப் பிடுங்கி எனக்கு விசிற ஆரம்பித்தார். பேப்பருக்குப் பின்னால் இருந்தது என் அப்பா.

"இந்த ஆள் மருந்துக் கடை வாசல்லயும் நின்னுட்டிருந்தானே!" என்றார் கீரைப் பை மாஷி. பெஞ்சு மொத்தமும் எழுந்தது. "என்ன மோஷாய், சின்னப் பொண்ணு பின்னாலயே வர்றீங்க?" அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவள் என் மகள்" என்றார், அந்த அப்பழுக்கில்லாத வங்காளத்தில். அங்கேதான் வினை. "நீங்க பேசறது எங்களைவிட சுத்தமான வங்காளம். அவளுக்கு ஒரு வார்த்தை தெரியல. எங்ககிட்டயே கதையா?" என்றார் மாஷி. அப்பா, தானும் தமிழன்தான் என்றார். "இவ்வளவு நேரம் வங்காளி, மாட்டினதும் தமிழனா?" அப்பா என்னைப் பார்த்து, "நீ வாயைத் திறக்காதே நித்யா, நான் பார்த்துக்கறேன்" என்றார் தமிழில். கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டும் நான் தோற்றுவிடக் கூடாதே என்று அவருக்குக் கவலை. கூட்டமோ, "பாத்தீங்களா, பொண்ணை மிரட்டறான்!" என்றது.

நான் எழுந்து, "அவர் எங்க அப்பா! நிஜமாவே எங்க அப்பா!" என்று தமிழில் கத்தினேன். எல்லாரும் பெஞ்சின் ஓரத்தில் இருந்த வழுக்கைத் தலைத் தாதாவிடம் திரும்பினார்கள். அவர் வைத்தியத்துக்காக வேலூரில் ஒரு மாதம் தங்கியவராம், தமிழ் அறிந்தவராம். அவர் கண்ணை மூடி, என் வாக்கியத்தை நன்றாக அசைபோட்டு, தீர்ப்புச் சொன்னார்: "பசிக்குதாம்." உடனே என் கையில் இரண்டு பிஸ்கட் திணிக்கப்பட்டது. மறு பக்கம் யாரோ, "தானாவுக்குப் போன் போடுங்கப்பா, போலீஸ் வந்து பார்த்துக்கட்டும்" என்றார்கள்.

"ஆமார் பாபா." 'என் அப்பா' என்பதற்கு இரண்டே வார்த்தை வங்காளம். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் அப்பா தப்பிப்பார், முதுகுப்பை பரணுக்குப் போகும், ஸ்ரேயா தனியாகப் போவாள் அல்லது போகவே மாட்டாள். சொல்லாவிட்டால் அப்பா போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில். பிமல் காக்கு மாதிரி இன்னும் சத்தமாகக் கத்தியும் பிரயோஜனம் இல்லை. அப்போதுதான் எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது. பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டேன், வாயும் அடைபட்டது. நேராகப் போய் அப்பாவின் கக்கத்திலிருந்து குடையை உருவி என் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டின் ஒரே சட்டத்தை ஷியாம்பஜார் நடுரோட்டில் மீறினேன்.

நடந்தேன். நாலு எட்டு, சட்டைப் பை. மறுபடி நாலு எட்டு, சட்டைப் பை. மணிக்கட்டால் இல்லாத கண்ணாடியை மேலே தள்ளினேன். தாமதமாக வந்த வானத்தை முறைத்தேன். கூட்டம் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தது, பிறகு அப்பாவைப் பார்த்தது. அவ்வளவு கண்ணும் தன் மேல் திரும்பியதும் அப்பாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை. கை தானாகப் போய்ச் சட்டைப் பையைத் தொட்டது. மணிக்கட்டு கண்ணாடியைத் தள்ளியது. பார்க்க வேறு இடம் இல்லாமல் அவர் வானத்தைப் பார்த்தார்.

டீக்கடை வெடித்தது. வேலூர் தாதா பெஞ்சிலிருந்து சறுக்கி விழுந்தார். போலீசுக்குப் போன் போட எடுத்தவர் போனைப் பையில் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கீரைப் பை மாஷி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஓ மா! பெத்த பொண்ணேதான்! இவ்வளவு அச்சு அசலா அப்பனை அவமானப்படுத்த வேற யாரால முடியும்?"

தீர்ப்பு

அதோடு விட்டார்களா? டீ வந்தது, அப்பாவை நடுவில் உட்காரவைத்தார்கள், விசாரணை வேறு திசைக்குப் போயிற்று. "மூணு தலைமுறையா இங்க இருக்கீங்க, இவ்வளவு அழகா வங்காளம் பேசறீங்க, பெத்த பொண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லித் தரலையா? வெக்கமா இல்லையா?" என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா டீயைக் குடித்துக்கொண்டே எல்லா வசவையும் வாங்கிக்கொண்டார். நான் சிரித்தபடி இருந்தேன், தலையை மட்டும் ஆட்டவில்லை. கிளம்பும்போது என் பையைத் தலைக்கடியில் வைத்துப் பெஞ்சில் சாய்ந்து காட்டினேன். மாஷிக்கு இந்த முறை புரிந்துவிட்டது. தன் வீட்டுப் பக்கம் கை காட்டி, கல்யாணமாகிப் போன மகளின் அறை காலியாக இருக்கிறது, அப்பனோடு கோபம் என்றால் ராத்திரி அங்கே தங்கிக்கொள் என்று ஜாடையாலேயே சொல்லி, என் கன்னத்தை நிமிண்டினார். தங்க இடமும் ஆயிற்று.

திரும்பும் மெட்ரோவில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போயிற்று. ஜெயித்தேனா, பரணா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பண்ணக் கூடாததைப் பண்ணியாகிவிட்டதே. டாலிகஞ்சில் இறங்கிப் படியேறும்போது அவர் நின்றார். என் கக்கத்திலேயே இருந்த குடையை வாங்கித் தன் கக்கத்தில் செருகிக்கொண்டார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஒரு எடத்துல தப்புப் பண்ணிட்டே," என்றார். "நான் குடையை இடது கக்கத்துலதான் வெச்சுப்பேன். வியட்நாம்ல யாராவது உங்கப்பா எப்படி இருப்பார்னு கேட்டா, சரியாப் பண்ணிக் காட்டு."

சக பாவிகளே, பாஷை தெரியாத ஊரில் நமக்கு உதவி செய்ய ஊரே ஓடி வரும், ஆகவே பயப்பட வேண்டியதெல்லாம் பாஷை தெரிந்து வைத்துக்கொண்டு பத்தடி பின்னால் வருகிறவருக்காகத்தான்.